ஒருக்களித்த அலகு

அந்தக் காலத்தில், உயிர்களெல்லாம் ஒன்றோடொன்று பேச்சு வைத்துக்கொண்டிருந்தபோது, ஆவாரங்கண்மாயின் நத்தைகள் தங்கள் வீட்டுக் கதவை முழுக்கச் சாத்துவதில்லை. நத்தைக்கு வீடும் கதவும் கூடவே பிறக்கின்றன. ஓடுதான் வீடு. அதன் வாயில் வட்டமாக, பழுப்பு நிறத்தில், நகம்போல் கெட்டியாக ஒரு தகடு இருக்கிறதே, அதுதான் கதவு. அந்தக் கதவை அவை எப்போதும் ஒருக்களித்து வைத்திருந்தன.

கண்மாயில் இருந்த எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். கதவு அகலத் திறந்து கிடந்தால் வீட்டுக்காரி செத்துப்போய்விட்டாள். இறுகச் சாத்தியிருந்தால் கோபத்தில் இருக்கிறாள், அல்லது உடம்புக்கு முடியவில்லை. ஒருக்களித்திருந்தால், உள்ளேதான் இருக்கிறேன், பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வா என்று அர்த்தம். கூப்பிடாமல் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கூப்பிட்டவரை யாரும் வாசலில் நிறுத்துவதும் இல்லை. இரண்டு நத்தைகளுக்குள் சண்டை முற்றினால், "இனிமே உனக்கு என் கதவு ஒருக்களிச்சிருக்காது" என்பதுதான் கடைசி வார்த்தை. அதைச் சொன்னவர்களும் மறுநாள் பாசி மேயப் போகையில் மறந்துவிடுவார்கள்.

நாரைகளின் பழக்கம் வேறு. அப்போது அவற்றின் மேலலகும் கீழலகும் ஒரு மயிரிழை நுழையாதபடி பொருந்தின. வாயை மூடினால் மூடியதுதான். அதனால் வெளியே தெரியக்கூடாததைச் சொல்ல வேண்டியவர்கள் நாரையிடம் போய்ச் சொன்னார்கள். நாரைக்கு நல்ல குரலும் இருந்தது. கனமான, தாழ்ந்த குரல். அக்கரையில் நின்று பேசினாலும் இக்கரையில் காதோரம் சொல்வதுபோல் கேட்கும்.

வெள்ளத்தாய் அப்படி ஒரு நாரை. வெள்ளை உடம்பு, கருத்த இறக்கை ஓரம், சேற்றில் நின்றாலும் சேறு ஒட்டாத கால். கண்மாயின் நடுவே நிற்கும் கருவேலமரத்தில் அவள் கூடு இருந்தது. அந்த மரத்தடியில்தான் குப்பாயி என்ற நத்தை குடியிருந்தாள். இருவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் வெள்ளத்தாய் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவாள். கேலி பேச ஒரு முறை வேண்டும் அல்லவா?

தண்ணீர் வற்றிக்கொண்டு வந்த ஒரு காலையில் வெள்ளத்தாய் மரத்தடியில் இறங்கி நின்றாள்.

"மதினி, இருக்கீகளா?"

"எங்க போயிறப் போறேன். வீட்டை முதுகுல கட்டிக்கிட்டு நான் ஊரு ஊராவா திரியிறேன், உன்னை மாதிரி?" கதவு இடுக்கில் குப்பாயியின் கொம்பு இரண்டும் நீண்டன. "உன் காலு இன்னும் ரெண்டு முழம் வளந்திருச்சு போல?"

"தண்ணி எறங்கிருச்சு. அதான் நீளமாத் தெரியுது."

"அப்ப நாங்களும் எறங்க வேண்டியதுதான்."

கோடை வந்தால் நத்தைகள் சேற்றுக்குள் இறங்கிவிடும். மேலே மண் வெடித்துப் பாளமாகும். கீழே, ஈரம் மிச்சமிருக்கும் ஆழத்தில், அடுத்த மழைவரை உண்ணாமல் அசையாமல் உறங்கும். கதவை இறுகச் சாத்திக்கொண்டால் உடம்பின் ஈரம் போகாது. ஆனால் இறுகச் சாத்தினால் மழை வந்தது தெரியாது. முதல் தண்ணீரில் எழுந்து முட்டையிட்டால்தான் பிறக்கும் குஞ்சுகளுக்கு அடுத்த கோடைக்குள் ஓடு கெட்டிப்படும். பிந்தினால் ஓடு இளசாகவே நின்று, கோடை அவற்றைச் சுட்டுவிடும். அதனால் உறங்கும்போதும் நத்தைகள் கதவை மயிரளவு ஒருக்களித்தே வைத்தன. அந்த மயிரளவு வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அது அவர்கள் கொடுத்த விலை.

மேலே நின்று காவல் பார்ப்பது நாரைகளின் வேலை. மழை வந்து கண்மாய்க்குள் தண்ணீர் கால் வைத்ததும், ஒவ்வொரு நத்தையும் படுத்திருக்கும் இடத்தில் அலகை மண் வெடிப்புக்குள் இறக்கி, கதவிடுக்கில் நுனியை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதிலுக்கு நத்தைகள் மழைக்காலம் முழுக்கப் பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும். தெளிந்த தண்ணீரில்தான் நாரைக்கு மீன் கண்ணுக்குத் தெரியும். யார் யாருக்குச் செய்த உதவி என்று அங்கே ஒருவரும் யோசித்ததில்லை.

"பிள்ளைக எப்படி இருக்கு?" என்று குப்பாயி கேட்டாள்.

"முட்டை பிந்திப் போச்சு மதினி. இப்பத்தான் பொரிச்சிருக்கு. ரெண்டு. இன்னும் ரோமமே கட்டலை."

"பிந்திப் பொறந்த பிள்ளை தாயைத் தின்னும்னு சொல்வாக." சொன்னபின் குப்பாயிக்கே அது சரியாகப் படவில்லை. "சும்மா சொன்னேன். இந்த வருஷம் காவலை வேற ஆளுக்கிட்ட விட்டுரு. உனக்குப் பிள்ளைக பாடே பெரும்பாடு."

"நீங்க எறங்குங்க. உங்களை நான் எழுப்புவேன்."

"மறந்துற மாட்டியே?"

"மறந்தா நீங்க உங்க கதவை எனக்கு ஒருக்களிக்க வேண்டாம்."

குப்பாயி சிரித்தாள். நத்தை சிரித்தால் ஓட்டுக்குள் ஒரு குமிழி உடையும் சத்தம் வரும். அப்படியே அவள் மெல்லச் சேற்றுக்குள் இறங்கினாள். மற்ற நத்தைகளும் இறங்கின. யார் யார் எங்கே இறங்கினார்கள் என்று வெள்ளத்தாய் ஒரு காலில் நின்றபடி பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கோடை சீக்கிரம் வந்து நெடுநாள் இருந்தது.

முதலில் கொக்குகள் போயின. அப்புறம் உள்ளான்கள். நாரைக் கூட்டம் ஒரு விடியலில் மொத்தமாக எழும்பி மேற்கே ஆற்றுப் பக்கம் போனது. வெள்ளத்தாயின் ஆண்நாரை, "தண்ணி இருக்கிற எடத்தைப் பாத்துட்டு வந்துருதேன்" என்று கூடவே பறந்தான். பார்த்தானோ இல்லையோ, வரவில்லை.

கடைசியாகப் போனது சடையன் என்ற நீர்க்காகம். சேறும் இறுகிப்போன கரையில் இறக்கையை விரித்து உலர்த்துவதற்கு ஒன்றும் இல்லாமல், பழக்கத்துக்கு விரித்துக்கொண்டு நின்றான்.

"என்ன காவல்காரி, கிளம்பலையா?"

"பிள்ளைக பறக்கலை."

"பிள்ளைக வேற பெத்துக்கிறலாம். உசுரு ஒண்ணுதான்."

"இங்க நத்தைகளுக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்."

சடையன் கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தான். "மண்ணுக்கடியில தூங்குறவளுக்குக் குடுத்த வாக்கு. நீ போனது அவளுக்குத் தெரியவா போகுது? அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு குரல்தான். எந்தக் காக்கா கத்தினாலும் முழிச்சுக்கிருவா."

"என் குரல்னாத்தான் திறப்பா."

"அதுவும் சரிதான்" என்றான் சடையன். பறந்துபோகும்போது திரும்பி, "குடுத்துவச்ச நத்தை" என்று மட்டும் சொன்னான். அதில் கேலி இருந்ததா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதன்பின் கண்மாயில் அவளும் இரண்டு குஞ்சுகளும்தான். மடைக்கருகே ஒரு குட்டை மிச்சமிருந்தது. அதில் கெண்டைக்குஞ்சுகள் வெளியே முதுகு தெரிய நெளிந்தன. சில நாள் அது போதுமாயிருந்தது. பிறகு குட்டை குழம்பாகி, குழம்பு களிமண்ணாகி, களிமண் ஓடுபோல் காய்ந்து வெடித்தது. வெட்டுக்கிளி பிடித்தாள். வரப்போரம் ஓணான் பிடித்தாள். ஒருநாள் காய்ந்த நண்டுக்கூட்டை அலகால் நொறுக்கிக் கொடுத்தபோது பெரிய குஞ்சு அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கக்கியது.

"இது வெறும் தோலு" என்றது.

"அதைத் தின்னு."

"உள்ள ஒண்ணும் இல்லையே அம்மா."

சின்னதுக்குப் பேசவே தெம்பில்லை. கழுத்தைக் கூட்டின் விளிம்பில் போட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தது. அந்தப் பாதி மூடிய கண்ணைப் பார்க்கக்கூடாது என்று வெள்ளத்தாய் வேறு பக்கம் திரும்பி நிற்பாள். திரும்பினாலும் அதுதான் தெரியும்.

வானத்தில் ஒரு துண்டு மேகம் வந்தால் அவள் மரத்தின் உச்சிக்கு ஏறி நிற்பாள். மேகம் அவளைப் பார்க்காததுபோல் போய்விடும்.

இந்த நாட்களில் அவள் மரத்தடியில் இறங்குவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். காரணத்தை அவள் தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கூட்டிலிருந்து பார்த்தால் வெடித்த மண் தெரியும். எந்தப் பாளத்துக்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். காவல்காரிக்குத் தெரியாமல் எப்படி? மற்ற எந்த உயிருக்கும் அந்தக் கண்மாய் காய்ந்த மண். அவளுக்கு மட்டும் அது சோற்றுப்பானை. இந்த நினைப்பு முதலில் வந்தபோது அவள் இறக்கையை உதறினாள். இரண்டாவது முறை வந்தபோது உதறவில்லை.

அன்று உச்சிவெயில். சின்னக் குஞ்சு தலையைத் தூக்கவே இல்லை. வெள்ளத்தாய் அதன் கழுத்தடியில் அலகை வைத்துத் தூக்கிவிட்டாள். விட்டதும் விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது. பெரியது அதைப் பார்த்துவிட்டு, "தம்பி வெளையாடுறானா?" என்று கேட்டது.

அவள் மரத்தைவிட்டு இறங்கினாள்.

குப்பாயி படுத்திருந்த இடத்தில் மண் இரண்டாகப் பிளந்து ஒரு வெடிப்பு ஓடியது. அவள் அதன்மேல் நின்றாள். வேறு நத்தைகள் இருந்தன. பேர் மட்டும் தெரிந்தவை, பழக்கம் அதிகம் இல்லாதவை. அவற்றிடம் அவள் கால்கள் போகவில்லை. கூப்பிட்ட குரலுக்குக் கேள்வி கேட்காமல் கதவைத் திறப்பவள் குப்பாயிதான் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. இதைப் பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தாள். பழகியவள் என்பதால்தான் அவளிடம் போனேன் என்பதை அவளால் எந்தப் பக்கம் திருப்பியும் வேறாக ஆக்க முடியவில்லை.

அலகை வெடிப்புக்குள் இறக்கினாள். நுனி ஓட்டில் தட்டியது. நகர்த்திக் கதவைத் தேடினாள். மயிரளவு இடுக்கு. சொன்னபடி ஒருக்களித்திருந்தது.

"மதினி."

உள்ளே அசைவில்லை.

"மதினி, நான்தான். மழை வந்திருச்சு."

அந்தத் தாழ்ந்த குரல் மண்ணுக்குள் போயிற்று. வெகுநேரம் கழித்து, தூக்கத்தின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"வெள்ளத்தாயா?"

"ஆமா."

"மண்வாசனை வரலையே."

அப்போதுகூடத் திரும்பியிருக்கலாம். தூக்கத்தில் எதையோ கேட்டிருக்கீக, படுங்க என்று சொல்லிவிட்டு மரமேறியிருக்கலாம். கருவேலமரத்தில் பெரியது தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் விழுகுது" என்றாள்.

"அப்படியா" என்றாள் குப்பாயி. "எனக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கும். நீ சொன்னாச் சரி."

கதவு திறந்தது. மயிரளவு விரலளவாயிற்று. கொம்புகள் வெளியே வரும் முன்னே வெள்ளத்தாய் அலகைத் திறந்து உள்ளே செலுத்தினாள்.

கதவு சாத்திக்கொண்டது.

நத்தையின் கதவுக்கு அத்தனை பலம் உண்டென்று அவளுக்குத் தெரியாது. திறந்த அலகின் நடுவில், மேலலகுக்கும் கீழலகுக்கும் இடையில், அந்தத் தகடு குறுக்கே விழுந்து பூட்டிக்கொண்டது. அலகின் நுனி உள்ளே சதையைக் குத்தி நின்றது. அவள் இழுத்தாள். வரவில்லை. தள்ளினாள். போகவும் இல்லை. காலை ஊன்றித் தலையை ஆட்டினாள். வெடிப்பின் விளிம்பில் மண் உதிர்ந்தது.

உள்ளே குப்பாயி பேசினாள். அவள் குரல் அலகின் எலும்பு வழியாக வெள்ளத்தாயின் மண்டைக்குள் கேட்டது.

"மழை இல்ல."

வெள்ளத்தாயால் பேச முடியாது. வாய் அங்கே மாட்டியிருந்தது.

"பிள்ளைகளுக்கா?"

அவளால் தலையாட்டவும் முடியாது.

"அதுகளுக்காத்தான் இருக்கும். உனக்குன்னா நீ இப்படி வரமாட்ட." கதவு இன்னும் இறுகியது. "நான் உன்னை விட்டுறணும்னுதான் பாக்கேன் வெள்ளத்தா. கதவு விடமாட்டேங்குது. வலியில இறுகிப்போச்சு. நான் சொல்லிக் கேக்கலை. கோவத்துல பிடிச்சிருக்கேன்னு நினைச்சுறாத."

மரத்திலிருந்து குஞ்சின் கூப்பிடு சத்தம் நின்றிருந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இந்த மரத்து வேருக்கு மேக்கால, ஒரு முழம் ஆழத்துல, விரால் கெடக்கு. பெருசு. சேத்துக்குள்ள சுருண்டு படுத்திருக்கு. அது பொரண்டு படுக்கையில என் வீடே அதிரும். இந்தக் கோடை முழுக்க அதோட தொந்தரவுதான் எனக்கு." குமிழி உடைவதுபோல் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். "நீ என்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருந்தா, சொல்லியிருப்பேனே. இம்புட்டுக்குத்தானா உனக்கு வாய் வரலை?"

வெள்ளத்தாய் பின்னுக்கு இழுத்தாள். அந்தப் பேச்சைக் கேட்க முடியாமல் இழுத்தாளா, விடுபட இழுத்தாளா, குஞ்சுக்காக இழுத்தாளா என்பது அவளுக்கே தெரியாது. இரண்டு காலையும் பாளத்தில் ஊன்றி உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தாள். அலகுக்குள் ஏதோ முறியாமல் வளைந்தது. கீழலகு நடுவில் வில்போல் உள்வாங்கியது. பிறகு கதவு பிய்ந்து வந்தது. கதவோடு சேர்ந்து குப்பாயியும் வந்தாள்.

வெள்ளத்தாய் திரும்பிப் பார்க்காமல் மரமேறினாள். பெரிய குஞ்சுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். சின்னதின் வாயைத் திறந்து உள்ளே வைத்தாள். அது விழுங்கியது. சற்றுக் கழித்துத் தலையைத் தூக்கியது.

மாலைக்குள் அவள் மரத்துக்கு மேற்கே மண்ணைக் கொத்தினாள். வளைந்த அலகால் கொத்துவது கடினமாயிருந்தது. கொத்தக் கொத்த ஈரம் வந்தது. ஈரத்துக்குள் விரால் இருந்தது. குப்பாயி சொன்னதைவிடப் பெரியது.

அது கிடைக்காமலே போயிருக்கக் கூடாதா என்று வெள்ளத்தாய் நினைத்தாள். கிடைக்காமல் போயிருந்தால், வேறு வழி இல்லாமல் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

விரால் மழைவரைக்கும் வந்தது. ஆனால் குஞ்சுகள் அதை விருப்பமில்லாமல் தின்றன. பெரியது ஒருநாள் கேட்டது, "அன்னைக்குக் குடுத்தியே, அது இல்லையா?"

வெள்ளத்தாய் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. அலகின் நுனி இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. நடுவில், கதவு பூட்டியிருந்த இடத்தில், ஓர் இடைவெளி நின்றது. சொல்லாகத் திரளவேண்டிய மூச்சு அந்த இடைவெளி வழியாக வெறும் காற்றாகப் போயிற்று. மூடிப் பார்த்தாள். மூடவில்லை. மண்ணில் குத்தி அழுத்திப் பார்த்தாள். அப்போதும் மூடவில்லை. திறந்தும் இல்லை, மூடியும் இல்லை, ஒருக்களித்து நின்றது.

"ஏம்மா வாயை மூட மாட்டேங்குற?" என்றது குஞ்சு.

அவள் அதன் தலையைக் கோதிவிட்டாள். குஞ்சின் அலகு மயிரிழை நுழையாதபடி மூடியிருந்தது.

ஒரு பிற்பகலில் மழை வந்தது. முதலில் தூரத்தில் மண்வாசனை. பிறகு வரத்துக்கால் வழியாகச் செந்நிறத் தண்ணீர், நுரையும் சருகுமாக, கண்மாய்க்குள் கால் வைத்தது. வெள்ளத்தாய் மரத்தைவிட்டு இறங்கி ஓடினாள். அவளுக்கு எல்லா இடமும் ஞாபகம் இருந்தது. முதல் வெடிப்பில் அலகை இறக்கினாள். மழை வந்திருச்சு என்று சொல்ல நினைத்தாள். மேலலகும் கீழலகும் மோதி, டக் டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

கதவு ஒருக்களித்திருக்கவில்லை. அலகு நுனியால் தடவிப் பார்த்தாள். இடுக்கே இல்லை.

அடுத்த இடத்துக்கு ஓடினாள். டக் டக் டக். அங்கும் சாத்தியிருந்தது. அடுத்த இடம், அதற்கடுத்த இடம். மண்ணுக்குச் சுவர் கிடையாது. அன்று உச்சிவெயிலில் குப்பாயி பேசியதையெல்லாம் சுற்றிப் படுத்திருந்தவர்கள் மயிரளவு இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பேச்சு நின்றதையும் கேட்டார்கள். ஒவ்வொருவராகக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்கள்.

தண்ணீர் அவள் காலைத் தொட்டது. முழங்காலுக்கு ஏறியது. அவள் ஓர் இடம் விடாமல் போய்த் தட்டினாள். இந்த முறை நிஜமாகவே மழை. வானம் முழுக்க மழை. அவள் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அவளிடம் டக் டக் என்பது மட்டும் இருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மண்ணுக்கடியில் கதவுகள் இன்னும் இறுகின.

தண்ணீர் ஊறி ஊறி, ஓட்டைச் சுற்றிலும் நிறைந்து, கதவைத் தானே நனைத்த பிறகுதான் நத்தைகள் எழுந்தன. நாட்கள் கழிந்திருந்தன. முட்டை பிந்தியது. அந்த வருஷத்துக் குஞ்சுகளில் பாதிக்கு ஓடு கெட்டிப்படவில்லை.

போன பறவைகள் திரும்பி வந்தன. சடையன் நனைந்த இறக்கையை விரித்துக் கரையில் நின்றபடி வெள்ளத்தாயை வெகுநேரம் பார்த்தான்.

"என்ன காவல்காரி, வாய் ஒருக்களிச்சிருக்கு?" என்றான். "உள்ள ஆளு இருக்கா? கூப்பிட்டுட்டு வரலாமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவள் பதில் சொல்லாததால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக நின்றது. அப்புறம் அவன் மரத்தடிப் பக்கம் பார்த்தான். தண்ணீருக்கடியில் அங்கே ஒரு வெற்று ஓடு கிடந்தது. கதவில்லாமல், அகலத் திறந்து. சடையன் விரித்த இறக்கையை மடித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

குஞ்சுகள் பறக்கக் கற்றுக்கொண்டன. தெம்பு வந்ததும் முதலில் தேடிப் போனது மீனை அல்ல. சின்னப் பிள்ளையில் தின்ற அந்த ருசியை. பெரியது தண்ணீருக்குள் தலையைவிட்டு ஒரு நத்தையைக் கண்டுபிடித்தது. கதவு சாத்தியிருந்தது. அலகை வைத்து நெம்பியது. வெள்ளத்தாய் ஓடிவந்து டக் டக் என்று தட்டினாள். வேண்டாம் என்பதற்கும், மழை என்பதற்கும், என்னை மன்னித்துவிடு என்பதற்கும் அவளிடம் அந்த ஒரே சத்தம்தான். பெரியது அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி நெம்பியது. கதவு பிய்ந்து வந்தபோது அதன் அலகின் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அதன்பிறகு அதுவும் பேசவில்லை.

வெள்ளத்தாய் கடைசிவரை கருவேலமரத்தில்தான் இருந்தாள். ஒவ்வொரு கோடையிலும் நத்தைகள் சேற்றுக்குள் இறங்குவதை ஒரு காலில் நின்றபடி பார்ப்பாள். யாரும் அவளிடம் எழுப்பச் சொல்வதில்லை. இருந்தாலும் யார் யார் எங்கே இறங்குகிறார்கள் என்று மனதில் வைத்துக்கொள்வாள்.

நத்தைக் கதவில் இருந்த அந்த இடுக்கு நாரையின் அலகுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். நத்தை உறங்கப் போனால் கதவை இறுகச் சாத்திக்கொள்கிறது. யார் கூப்பிட்டாலும் திறப்பதில்லை, தண்ணீர் வந்து தொட்டால்தான் திறக்கிறது. வெள்ளத்தாயின் வழிவந்த நத்தைகுத்தி நாரைக்குக் குரல் கிடையாது. முதல் மழையில் அது கண்மாய்க்குள் நின்று அலகைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் குஞ்சுகளைப் பாருங்கள், பிறக்கும்போது அலகு ஒழுங்காக மூடியிருக்கும். அவை இன்னும் யாரையும் பொய் சொல்லி எழுப்பவில்லை, யார் கதவையும் நெம்பவில்லை.